அரைக் கோடு தெற்கே

கப்பல் தடம் மாறியது. கயித்தான் வாஸ் சுக்கான் பிடித்த நேரங்களில் மட்டும் மாறியது. ரங்கூனில் அரிசி ஏற்றிக்கொண்டு மோரீசுக்குப் புறப்பட்ட பதினெட்டாம் நாள் காலை, எட்டு மணி அடித்ததும், கப்பித்தானுக்கு அடுத்த அதிகாரியான புது மேட் துரை இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னான். அந்தத் துரைக்கு ஒரு பாஷை உண்டு. பாதி இங்கிலீஷ், பாதி இந்துஸ்தானி, மிச்சம் வசவு. "மற்ற சுக்கானிகள் பிடித்தால் கப்பல் நேரே போகிறது. நீ பிடித்தால் அரைக் கோடு தெற்கே போகிறது. உனக்குக் கண் தெரியவில்லை. பத்து மணி வரைக்கும் பிடி. கப்பித்தான் கீழே இருந்து பார்க்கிறார். இன்றைக்கும் மாறினால் சுக்கானை மறந்துவிடு, நங்கூரச் சங்கிலியில் துரு சுரண்டலாம்." சொல்லிவிட்டுப் போய்த் தளத்தின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டான். வயது இருபத்தாறு. மீசை இன்னும் முடிவு செய்துகொள்ளவில்லை.

கயித்தான் இடுப்புக் கத்தியை உருவிப் பின்பக்கப் பாய்மரத்தின் அடியில் குத்திவிட்டு வந்தார். காம்பாஸ் பக்கத்தில் கத்தி வரக்கூடாது. இதை அவருக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம், அவர்தான் மற்றவனுக்குச் சொல்லித்தருகிறவர். மாற்று ஆள் வந்தால் அவன் இடுப்பு வாரின் பூட்டைத் தொட்டுப் பார்த்து, பித்தளைதான் என்று தெரிந்த பிறகே சக்கரத்தைக் கொடுப்பார். அடுத்தது இந்த மேட் ரங்கூனில் ஏறியதும் போட்ட சட்டம். சுக்கான் பிடிக்கிறவன் இடுப்பில் எதுவும் தொங்கக் கூடாது. வெற்றிலைப் பை கூடவா? அதுவும்தான். முப்பத்தெட்டு வருஷம் இடுப்பில் கிடந்த பை. அவிழ்த்தார். காம்பாஸ் பெட்டியின் வலது பக்கத்து விளக்கு மாடத்தில் வைத்தார். அந்த மாடத்து விளக்கு போன புயலில் உடைந்தது; ஒரு பக்கத்து விளக்கே போதும் என்று கப்பித்தான் சொல்லிவிட்டார், எண்ணெயைக் காது மருந்துபோல் ஊற்றுகிற மனுஷர். மாடம் காலி. பை அதில் கச்சிதமாக உட்காரும், இந்தப் பதினெட்டு நாளும் உட்கார்ந்ததைப்போல; சக்கரத்தை விட்டதும் மறுபடி இடுப்புக்குப் போகும். வெற்றிலை தீர்ந்து பத்து நாளாகிவிட்டது, மெல்லுவதற்குப் பையில் பாக்கும் புகையிலைக் காம்பும்தான். ஒரு துண்டுப் பாக்கைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தார். தேக்குக் கைப்பிடிகள். இரவுப் பனியில் இன்னும் ஈரம். உள்ளங்கைக்கு இது தெரியும், எந்தப் பிடியில் கணு இருக்கிறது, எதில் வெடிப்பு. கண் தெரியவில்லையாம். கண் எதற்கு. இந்தச் சக்கரம் அவரைப் பதினோரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கிண்ணத்தின் உள்விளிம்பில் ஒரு கறுப்புக் கீற்று, அதுதான் கப்பலின் மூக்கு. கிண்ணத்துக்குள் மிதக்கிற அட்டையில் முப்பத்திரண்டு கோடு. சொன்ன கோட்டைக் கீற்றுக்கு நேரே வைத்திருப்பது வேலை. அதற்கு மேல் இந்த வேலையில் ஒரு மண்ணும் இல்லை. கச்சானுக்குக் கொஞ்சம் சோளகம், அதாவது மேற்குக்குக் கொஞ்சம் தெற்கே, அதுதான் கப்பித்தான் கொடுத்த கோடு. இதோ இருக்கிறது. கீற்றுக்கு நேரே, ஒட்ட வைத்ததுபோல. மயிரிழை இப்படி அப்படி இல்லை. இதைப் பார்க்கத் தெரியாதவனா கயித்தான்? அப்புறம் எப்படி மாறும். ஆனால் மேட் கையை நீட்டிப் பின்னால் காட்டினான் நேற்று. கப்பலுக்குப் பின்னால் விழுகிற வெள்ளைத் தடம், பழைய ஆள் கையிலிருந்து சக்கரம் அவர் கைக்கு வந்த இடத்தில், ஒடிந்திருந்தது. முழங்கை மடிந்ததுபோல. அதைப் பார்த்தார். பார்த்தது உண்மை. மத்தியானம் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தினமும் மூன்று மைல் தெற்கே. வழியில் நீருக்கடியில் பவளத் திட்டு இருக்கிறது, மூன்று மைல் என்பது அங்கே முப்பத்திரண்டு உயிர். அதற்கும் மேல் அந்தப் பாழாய்ப்போன தலைகீழ் காம்பாஸ். கப்பித்தான் அறையில், படுக்கைக்கு நேர் மேலே, கூரையில் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறது. மனுஷர் மல்லாந்து படுத்தபடியே கப்பல் எங்கே போகிறது என்று பார்ப்பார். தூங்குகிறார் என்று நினைத்தால் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் தெரிகிறதாம், கயித்தான் பிடித்தால் அரைக் கோடு. தலைகீழாகத் தொங்குகிறது சொல்வது சத்தியம், நிமிர்ந்து நிற்கிறது சொல்வது பொய். நல்ல நியாயம். வௌவாலிடம் வழி கேட்கிற நியாயம்.

இந்த இரும்பின் வேலையாகத்தான் இருக்கும். இந்தக் கப்பல், இசபெல் கெர், முழுக்க இரும்பு. கப்பல் வேலையாட்களான கலாசிகள் வாயில் இசவேலம்மா. கிளாஸ்கோ பக்கம் ஓர் ஆற்றங்கரையில் இவளை அடித்துச் சேர்த்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் அவர் ஏறியபோது மக்ரே என்று ஒரு கிழட்டு ஆசாரி இருந்தான், இவளைக் கட்டின ஆட்களில் ஒருவன், பின்பு இவளோடேயே கிளம்பி வந்துவிட்டவன். அவன் சொல்வான், இரும்புக் கப்பலுக்கு ஞாபகம் உண்டு, கட்டும்போது தலை எந்தத் திசையில் கிடந்ததோ அந்தத் திசையை ஒவ்வோர் ஆணி அடியும் உள்ளே ஏற்றிவிடும், அதுதான் காம்பாஸ் முள்ளைப் பிடித்து இழுக்கும், அதற்குத்தான் பெட்டிக்கு அடியில் பலகைக்குள் காந்தத் துண்டு பதித்து இழுப்புக்கு இழுப்பு சரிக்கட்டியிருக்கிறது, அதில் கை வைத்தவன் கை விளங்காது. தலை எங்கே கிடந்தது என்று கேட்டதற்கு வடக்கே என்றான். வடக்கே கிடந்தவள் வடக்கே அல்லவா இழுக்க வேண்டும்? தெற்கே ஏன்? அதுவும் இவர் பிடிக்கும்போது மட்டும் ஏன்? இதோ, இந்த இடத்தில்தான் முட்டுகிறது. தினமும் இந்த இடத்தில் வந்து முட்டுகிறது. ஆணி அடித்தது வெள்ளைக்காரன், அரிசி மூட்டை ஏற்றினது ரங்கூன்காரன், பாய் விரித்தது கலாசித் தலைவன் தண்டலும் ஆட்களும், பழி மட்டும் கயித்தானுக்கு. இவள் எதைச் சுமக்கவில்லை. நிலக்கரி, உப்பு, தண்டவாளம், ஒரு நடை முழுக்கக் கோவேறு கழுதைகள், இரண்டு நடை நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டத்து ஜனங்கள். அந்த ஜனங்கள் போன நடையில் ஒன்பது நாள் புயல். சக்கரத்தோடு கயிற்றால் கட்டிக்கொண்டு நின்றார் அவர். கீழே முந்நூறு பேர் அழுகிற சத்தம் இரும்பு வழியாகக் காலில் ஏறியது. அன்றைக்கு எவனாவது கண் தெரிகிறதா என்று கேட்டானா? அன்றைக்குக் கோடே தெரியவில்லை, காம்பாஸ் கண்ணாடியில் உப்பு பூத்துக் கிடந்தது, உள்ளங்கையால் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்போது இந்த மேட் எங்கே இருந்தான். பள்ளிக்கூடத்தில் சிலேட்டை நக்கிக்கொண்டிருந்திருப்பான்.

கப்பல் மணி ஒன்று அடித்தது, அரை மணிக்கு ஒன்று கூடும். எட்டரை. முன்னால் சமையல் கட்டிலிருந்து கருவாடு பொரிகிற வாசனை. அந்த வாசனை வந்தாலே வயிறு எரிகிறது, பசியில்லை, வேறு எரிச்சல். பண்டாரி. கப்பலுக்குச் சமைக்கிற அந்த ஆள் அவர் கூடப்பிறந்த தங்கச்சி புருஷன். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டவர் இவர். கப்பலில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் இவர். அந்த வாய்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது. புறப்பட்ட ஏழாம் நாள், சாப்பாட்டு நேரம், அலை தூக்கிப் போட்டதில் தட்டிலிருந்த மரக்கரண்டியைக் கருவாடு என்று எடுத்து இவர் கடித்துவிட்டார். அலை ஆடினால் யாருக்கும் நடக்கும். சும்மா விட்டானா அவன்? "மச்சானுக்குக் கண்ணுல திரை உழுந்துபோச்சுடே. நாளைக்கு நங்கூரத்தைக் கருவாடுன்னு கடிப்பாரு, நான் அதுக்கும் கொழம்பு வைக்கணும்." அத்தனை பேரும் சிரித்தார்கள். தண்டல் சிரித்தான். சிரிப்பு பின்தளம் வரைக்கும் வந்தது, மேட் காதில் விழுந்தது, என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகுதானே மேட் தடத்தைப் பார்க்க ஆரம்பித்தான், கப்பித்தான் மல்லாந்து படுக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து பதினோரு நாளாக அவனோடு பேச்சில்லை, அந்தப் பெயரும் இவர் வாயில் வரவில்லை. சத்தியம் செய்திருக்கிறார், பனிமயத் தாயார் மேல். அடுப்படிக்காரன், அவ்வளவுதான் பெயர். கஞ்சி ஊற்ற வந்தால் தட்டை நீட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவனும் லேசுப்பட்டவனா, ஊற்றும்போது, "தட்டு எங்க இருக்குன்னு தெரியுதா மச்சான்," என்று ஒரு நாள் கேட்டான். கேட்டுவிட்டு அவன் முகமே சுருங்கிப்போனதையும் பார்த்தார். சுருங்கட்டும்.

திரை. அந்த வார்த்தைதான் தைத்துக் கிடக்கிறது. அண்ணன் சந்தியாகுக்குத் திரை விழுந்தது. வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் நிற்கிற ஆள், கடல் நிறத்தைப் பார்த்தே மீன் சொல்கிறவன். ஐம்பத்தெட்டு வயதில் கோயில் வாசலில் கல்தூணைச் சாமியார் என்று நினைத்து, "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி," என்று கும்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். சிரித்தது உண்மை. அவனுக்கும் கடைசி வரைக்கும் தெரியவில்லையே, நல்லாத்தான் தெரிகிறது என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தான். கண் போகிறவனுக்குக் கண் போவது தெரியுமா? எதைக் கொண்டு பார்ப்பான்? இவருக்கு இப்போது ஐம்பத்தொன்பது. இந்தக் கோடு கீற்றுக்கு நேரே நிற்கிறது என்று இவர் கண் சொல்கிறது. இரண்டாகவோ, கொஞ்சம் தள்ளியோ தெரிந்தால்? அரைக் கோடு தள்ளித் தெரிந்தால்? இடது கண்ணை மூடிப் பார்த்தார். நேரே. வலது கண்ணை மூடிப் பார்த்தார். நேரே. மேட் பார்த்துவிட்டான். கண் சிமிட்டுகிறான் கிழவன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். பெரிய பாயில் தொங்குகிற கட்டுக்கயிறுகளை எண்ணினார், இருபத்து நாலு, நேற்றும் இருபத்து நாலு. முன்னால் வெண்கல மணியில் வெட்டியிருக்கிற எழுத்து தெரிகிறது. தெரிகிறதா, பதினோரு வருஷமாகத் தெரிந்ததால் தெரிகிறதா? வியர்வை கழுத்தில் இறங்கியது. தளத்து இரும்பு விளிம்பு வெயிலில் காய ஆரம்பித்துவிட்டது, நனைந்த அரிசிச் சாக்கின் புளித்த ஆவி கீழறைக் கதவு வழியாக வந்தது. சுக்கானை விட்டால் துரு. சங்கிலியின் ஒவ்வொரு வளையமாக, சுத்தியலால் தட்டித் தட்டி, செம்பொடி மூக்கில் ஏற, தலை முழுக்கச் சிவந்து, கிழட்டுக் குரங்குபோல. மோரீசில் இறங்கியதும் அடுத்த கப்பல்காரன் கேட்பான், ஏன் சுக்கானிலிருந்து எடுத்தார்கள் என்று. கப்பலை விடும்போது தருகிற சீட்டில் எழுதியிருக்கும். கண். ஒரு சொல் போதும்.

இரண்டு மணி. ஒன்பது. மேட், கப்பித்தான் அறையின் கூரைக் கண்ணாடி அருகே குனிந்து கீழே கேட்டான். கப்பித்தான் குரல் கண்ணாடிக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "அரைக் கோடு. தெற்கே." மேட் நிமிர்ந்து இவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, இருந்திருந்தால் பரவாயில்லை. கயித்தான் பாக்கைக் கடித்தார். அது கல்லாக இருந்தது. பாக்கும் முன்னைப்போல இல்லை. எதுதான் முன்னைப்போல இருக்கிறது. பித்தளைப் பாக்குவெட்டி ஒன்று வைத்திருந்தார், கொழும்பில் வாங்கியது, கிளி மூக்கு, வெட்டுகிற இடத்தில் மட்டும் நகத்தளவு எஃகு. ரங்கூன் ஆற்றில் குனிந்தபோது நழுவி விழுந்தது. அதையும் அந்தத் துறைமுகத்தில்தான் தொலைக்க வேண்டுமா. பதிலுக்குக் கரையில் ஒரு கொல்லனிடம் வாங்கியதோ உலக்கை கனம், பாக்கை வெட்டாது, நசுக்கும். ரங்கூனே சனியன். ரங்கூனில்தான் மேட் ஏறினான். ரங்கூனில்தான் சட்டம் வந்தது. ஒருவேளை இந்த மேட்தான் அடிப்பலகையைத் திறந்து காந்தத் துண்டைத் தொட்டுத் தொலைத்தானோ? தொட்டிருந்தால் எல்லோர் கையிலும் அல்லவா மாற வேண்டும். அடுப்படிக்காரன் புதிதாக ஏற்றிய இரும்பு அடுப்பு? அது முன்னால், நூறு அடிக்கு அந்தப் பக்கம். அதுவும் எல்லோர் கையிலும் மாறணும். எல்லாம் எல்லோர் கையிலும் மாறணும். இவர் கையில் மட்டும் மாறுகிறதென்றால் இவரிடம் மட்டும் இருக்கிற ஏதோ ஒன்று. இவரிடம் மட்டும் என்ன இருக்கிறது. இந்த இரண்டு கண். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது, செக்குமாட்டுக்குக்கூட இடையில் தவிடு வைப்பார்கள்.

மூன்று மணி அடித்து ஓய்கிற நேரத்தில் அடுப்படிக்காரன் வந்தான். மேட்டுக்குக் காபி. இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற தளத்தில் குடிகாரன்போல் நடந்து வந்து கொடுத்தான். போக வேண்டியதுதானே. போகவில்லை. சக்கரத்துக்கு வந்து நின்றான். கருவாட்டு வாசனை, வெங்காய வாசனை. கயித்தான் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மச்சான்."

காற்று கயிற்றில் விசிலடித்தது.

"ஒம்ம பாக்குவெட்டியக் கொஞ்சம் தாரும். பல்லு ஆடுது, கடிக்க முடியல." கயித்தான் சக்கரத்தை ஒரு பிடி திருப்பி நேராக்கினார். "பேசமாட்டீரு. சரி. ஏச்சாவது ஏசும்வே. பதினோரு நாளாச்சு. ஒம்ம தங்கச்சிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?" அவன் குரல் தணிந்தது. "நான் வெளையாட்டுக்குச் சொன்னேன் மச்சான். அது இப்படி வெள்ளக்காரன் காதுக்கு ஏறும்னு கண்டேனா. நான் வேணும்னா போய்ச் சொல்லட்டா, கரண்டிய நான்தான் தட்டுல மாத்தி வச்சேன்னு?" கயித்தான் தாடையை இறுக்கினார். பொய் வேறா. இவன் பொய் சொல்லி இவர் சுக்கான் பிடிக்க வேண்டுமா. அவன் பெருமூச்சு விட்டான். "எடுத்துக்கிடுதேன்," என்று கையை நீட்டி மாடத்திலிருந்து பையைத் தூக்கினான்.

கோடு நகர்ந்தது.

கீற்றை ஒட்டி நின்ற கோடு, மெதுவாக, உட்கார்ந்திருந்த ஆள் நகர்ந்து இடம் கொடுக்கிறதுபோல, வலது பக்கம் அரைக் கோடு போய் நின்றது. "கைய எடும்வே, காம்பாஸ இடிச்சிட்டீரு," என்று கயித்தான் சீறினார். சத்தியம் உடைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நான் எங்க இடிச்சேன்?" அவனும் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தான். பார்த்தபடியே பையைத் திரும்ப மாடத்தில் வைத்தான். கோடு திரும்பி வந்து கீற்றில் ஒட்டிக்கொண்டது. தூக்கினான். போனது. வைத்தான். வந்தது. எதையும் ருசி பார்த்தே நம்புகிற சமையல்காரன், மூன்றாம் தடவையும் செய்து பார்த்தான். பிறகு பையைப் பிரித்து உள்ளே விரலை விட்டான். "மச்சான், இது பித்தளை இல்லையே."

"ரங்கூன்ல வாங்குனது."

"இரும்பு."

"இரும்புதான்," என்றார் கயித்தான். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. கத்தியைக் குத்திவிட்டு வந்தவர். வார்ப்பூட்டைத் தொட்டுப் பார்க்கிறவர். பாக்குவெட்டி கத்தியா? பாக்குவெட்டி பாக்குவெட்டி. அதை இரும்பு என்று எவன் நினைப்பான். காம்பாஸ் முள்ளுக்கு ஒரு சாண் தூரத்தில், மேட் சொன்ன சட்டப்படி இடுப்பிலிருந்து அவிழ்த்து, அவரே, தம் கையாலேயே, பதினெட்டு நாள். கண் நன்றாக இருக்கிறது. கண் பார்த்தது எல்லாம் உண்மை. கோடு கீற்றுக்கு நேரேதான் நின்றது. கோடுதான் பொய். அந்தப் பவளத் திட்டு. முப்பத்திரண்டு பேர். கை தானாகச் சக்கரத்தைத் திருப்பியது. மூக்கு வடக்கே அரைக் கோடு ஏறிக் கோட்டில் உட்கார்ந்தது. பின்னால் தடம் மடங்கியது.

அடுப்படிக்காரன் மேட்டின் முதுகைப் பார்த்தான். மேட் காபியில் இருந்தான். அடுப்படிக்காரன் பையைச் சுருட்டித் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். "நான் ஒண்ணும் பாக்கல," என்றான் மெல்ல. "காத்து மாறிச்சுன்னு சொல்லும். கடலுல தூக்கிப் போட்டுருதேன்." ஏதாவது நையாண்டி வரும் என்று கயித்தான் காத்திருந்தார். வரவில்லை. அந்த வாய், கப்பல் முழுக்கச் சிரிக்க வைத்த வாய், இந்த ஒரு தடவை, எத்தனை பெரிய சிரிப்பு கையில் கிடைத்திருக்கிற நேரத்தில், மூடிக்கொண்டு முன்னால் நடந்தது. அதுதான் தாங்கவில்லை. பதினோரு நாளாகச் சேர்த்து வைத்த கோபம், மேட் மேல், கப்பித்தான் மேல், தலைகீழ் காம்பாஸ் மேல், கிளாஸ்கோ ஆணி மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கருவாட்டு வாசனை மேல். இப்போது அதைக் கொண்டுபோய் எங்கே இறக்குவது? எந்தத் துறையில்?

கூரைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நேர். இப்போது நேர். யார் பிடிக்கிறது?" "அதே கிழவன்தான்," என்றான் மேட். கோப்பையை வைத்துவிட்டு வந்தான். கிண்ணத்தைப் பார்த்தான், தடத்தைப் பார்த்தான், இவர் கண்ணைப் பார்த்தான். பத்து மணி வரைக்கும் அங்கேயே நின்றான். கோடு அசையவில்லை. நாலு மணி அடித்தது, மாற்று ஆள் இடுப்பு வாரைத் தடவிக்கொண்டே வந்து நின்றான். மேட் மீசையைத் தடவினான். "சரி. துரு சுரண்ட வேண்டாம். பிடி. என்ன செய்தாய்?"

காற்று மாறிச்சு துரை. நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் முடிந்தது. கண் தப்பித்தது, சீட்டு தப்பித்தது, கயித்தான் தப்பித்தார்.

"நான் ஒண்ணும் செய்யல," என்றார். "என் பையில இரும்பு இருந்திச்சு, பாக்குவெட்டி. இந்த மாடத்துல நான்தான் வச்சேன். பதினெட்டு நாளும் நான்தான்." மேட் மாடத்தைப் பார்த்தான். இடுப்பில் எதுவும் தொங்கக் கூடாது என்ற சட்டம் அவன் முகத்தில் ஒரு நொடி வந்து போனது. கயித்தான் அதையும் பார்த்தார். இந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "கண்டுபிடிச்சது நான் இல்ல துரை. பண்டாரி."

"கப்பித்தான் கப்பல் புத்தகத்தில் எழுதுவார். பண்டாரிக்குப் பெயர் கிடையாதா?" என்றான் மேட்.

கடைவாய்ப் பாக்கை விழுங்கினார். தொண்டையில் சிராய்த்துக்கொண்டு இறங்கியது. முன்னால் சமையல் கட்டு வாசலில் அவன் குந்தி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான், இந்தப் பக்கம் பார்க்காமல்.

"தொம்மை," என்றார். காற்றில் போய்விட்டது. மேட் காதைக் காட்டினான். கயித்தான் இன்னொரு தடவை, சமையல் கட்டுக்கும் கேட்கிற மாதிரி, முழுசாகச் சொன்னார். "தொம்மை மிராந்தா."